ஐரோப்பா ட்ரெக் போறோம், உண்ணிக்கடி மூளைக்காய்ச்சல் ஊசி சென்னைல போட முடியுமா?

ஆழ்வார்பேட்டை_ஆனந்தி

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் கடைசில நானும் வீட்டுக்காரரும் ஆஸ்திரியா, ஸ்லோவேனியா போறோம். பஸ்ல உக்காந்து ஊர் பாக்குற டூர் இல்ல, ட்ரெக். பாதி நாள் மேல மலைக்குடில்ல தங்கல், மீதி நாள் கீழ காட்டோரமா கேம்ப் சைட்ல டென்ட் போட்டு. விசா, டிக்கெட், ஷூ எல்லாம் ஆச்சு, நிம்மதியா இருந்தேன். நேத்து கேம்ப் சைட்காரங்க அனுப்பின மெயில்ல கடைசில ஒரு வரி, இது உண்ணி அதிகமா இருக்கற பகுதி, டிபிஇ ஊசி போட்டுக்கிட்டு வர்றது நல்லதுன்னு.

டிபிஇ-ன்னா டிக் பார்ன் என்செபலைட்டிஸாம், உண்ணி கடிச்சு வர்ற மூளைக்காய்ச்சல். எங்க ஃபேமிலி டாக்டர்கிட்ட கேட்டா "உண்ணி நாய்க்குத்தானேம்மா, உங்களுக்கு எதுக்கு"ன்னு சிரிக்கிறார். மூணு ட்ராவல் கிளினிக்குக்கு போன் போட்டேன், ரெண்டு இடத்துல அந்தப் பேரையே ஸ்பெல்லிங் கேட்டாங்க, ஒரு இடத்துல மட்டும் தெளிவா எங்ககிட்ட வர்றதில்ல மேடம்னு சொன்னாங்க.

நெஜமாவே அவசியமா, எங்கதான் போடறது? வீட்டுக்காரருக்கு போன வருஷம் டெங்கு வந்து அட்மிட் ஆயிருந்தார், அதனால இந்த ஊசி போடறதுல ஏதாவது சிக்கல் இருக்கா? போட்டவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

கோடம்பாக்கம்_கண்ணன்

கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போங்க மேடம். ஃபாரின் போறவங்களுக்கு அங்கதான் ஊசி போட்டு மஞ்ச புக் குடுப்பாங்க. என் மச்சான் கென்யா போறப்ப அங்கதான் போட்டான், பாஸ்போர்ட் எடுத்துட்டு காலைலயே போயிடணும், லேட்டா போனா டோக்கன் கிடைக்காது.

மலையேறி_மணி

கண்ணன் ப்ரோ, உங்க மச்சான் போட்டது மஞ்சக் காய்ச்சல் ஊசி, யெல்லோ ஃபீவர். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போறவங்களுக்கு அது. கிங் இன்ஸ்டிட்யூட், போர்ட் ஹெல்த் ஆபீஸ் ரெண்டுலயும் போடறாங்க, உண்மைதான். ஆனா அவங்க கேக்குறது வேற வியாதி, வேற ஊசி. ஷெங்கன் விசாவுக்கு எந்த ஊசியும் கட்டாயம் இல்லாததால இதப் பத்தி ட்ராவல் ஏஜென்ட்டும் வாயத் தொறக்க மாட்டார், இன்சூரன்ஸ் பேப்பர் இருக்கான்னு மட்டும்தான் பாப்பார்.

ரிட்டயர்டு_ஸ்டெத்

ஆனந்தி மேடம், உங்க டாக்டர் சிரிச்சார்னு கோவப்படாதீங்க. நம்ம ஊர் ஓபி-ல இந்தக் கேஸ் வராது, நானும் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஒண்ணு கூட பாத்ததில்ல. ஆனா நீங்க போற ரெண்டு நாடும் இந்த வியாதிக்குப் பேர் போன இடம். அதுலயும் ஸ்லோவேனியா ஐரோப்பாவுலயே அதிகமா வர்ற நாடுகள்ல ஒண்ணு. பிளெட், போஹின் ஏரி இருக்கே, எல்லாரும் போட்டோ போடற இடம், அந்தப் பக்கமெல்லாம் சேத்துதான் சொல்றேன்.

இது டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், யெல்லோ ஃபீவர் வைரஸ் குடும்பத்தச் சேர்ந்ததுதான். அதுங்களுக்கு கொசு, இதுக்கு உண்ணி. நூறு உண்ணில ஒண்ணுல இருக்கலாம், சில இடத்துல அஞ்சு வரைக்கும் போகும், அதனால கடிச்ச உடனே வியாதி வந்துடும்னு பதற வேணாம். வைரஸ் உள்ள போனாலும் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் தெரியாமலே போயிடும். தெரியறவங்களுக்கு எப்படின்னா, ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சு சாதா ஜுரம், உடம்பு வலி, தலைவலி, அப்புறம் தானா விட்டுடும். ஆள் குளிச்சு சாப்பிட்டு ஆபீஸ் போயிடுவான். ஒரு வாரம் கழிச்சு சில பேருக்கு ரெண்டாவது சுத்து வரும், அதுதான் மூளைக்காய்ச்சல்: கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, கொழப்பம், கை கால் வராம போறது. வைரஸக் கொல்ல மருந்து கிடையாது, ஆஸ்பத்திரில வச்சு தாங்கிப் பாக்கறதுதான். ஐரோப்பிய வகைல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர் சாகறாங்க, ரஷ்யா தூரக் கிழக்கு வகைல அது 20 வரைக்கும் போகும். பொழச்சவங்கள்லயும் கணிசமான பேருக்கு மறதி, நடைத் தள்ளாட்டம்னு மாசக்கணக்குல இழுக்கும், 60 தாண்டினவங்களுக்கு இன்னும் மோசம்.

இன்னொண்ணு, இத நல்லா கேட்டுக்கோங்க. லைம்னு ஒரு வியாதி இருக்கு, அதுவும் உண்ணிதான், ஆனா அது பாக்டீரியா, உண்ணி ஏறக்குறைய ஒரு நாள் ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் பொதுவா உடம்புல ஏறும், அதனால சாயங்காலம் பாத்து எடுத்துட்டா தப்பிக்கலாம். டிபிஇ வைரஸ் உண்ணியோட எச்சில்லயே இருக்கு, கடிச்ச சில நிமிஷத்துலயே இறங்கிடும். எடுத்துட்டேன் எடுத்துட்டேன்னு சந்தோஷப்பட்டு பிரயோஜனம் இல்ல. அதனாலதான் இதுக்கு ஊசின்னு ஒண்ணு வேண்டியிருக்கு.

டெங்கு வந்தது ஊசிக்குத் தடை இல்ல, ஆனா போடற எடத்துல சொல்லிடுங்க. மூட்டைல, கோழில கடும் அலர்ஜி உண்டுன்னா கட்டாயம் சொல்லணும், ஊசி மருந்துக்கான வைரஸ கோழிக்கரு செல்லுலதான் வளக்கறாங்க.

ரிட்டயர்டு_ஸ்டெத்

முட்டைல. போன் கீபோர்டு படுத்துது.

தாம்பரம்_தல

சார் தப்பா நினைக்காதீங்க, எனக்கு இது கொஞ்சம் ஓவராத்தான் தெரியுது. கொல்லிமலை, ஜவ்வாது, டாப்ஸ்லிப்னு சுத்தாத எடம் இல்ல, அட்டை கடிச்சு ஷூ பூரா ரத்தம், உண்ணி கடிச்சு இடுப்புல ஒரு மாசம் அரிப்பு, எல்லாம் பாத்தாச்சு. மூக்குப்பொடி, உப்பு, வேப்பெண்ணெய், வேலை முடிஞ்சது. வெள்ளக்காரனுக்கு உடம்புல தெம்பு இல்ல, ஊசி கம்பெனிக்கு யாவாரம் ஆகணும், அதான் மெயில்லயே விளம்பரம்.

கிராஸ்_கார்த்தி

தல, நான் வில்லிவாக்கம்தான், இப்ப இருக்கறது ஆஸ்திரியால கிராஸ். இங்க வந்த புதுசுல நானும் இதே டயலாக்தான். இங்க ஊர்க்காரங்கள்ல பத்துக்கு எட்டு பேர் இந்த ஊசி போட்டிருக்காங்க, டூரிஸ்டுக்கு விக்கற சரக்கு இல்ல இது. 1970கள்ல வருஷத்துக்கு சில நூறு பேர் இதுல படுத்திருக்காங்க, 1981-ல நாடு பூரா ஊசி கேம்பெயின் ஆரம்பிச்ச பிறகுதான் மளமளன்னு இறங்குச்சு. பக்கத்துல ஜெர்மனில அவ்ளோ பேர் போடறதில்ல, அங்க 2020-ல 700 பேருக்கு மேல வந்துச்சு. வசந்த காலம் வந்தாலே ஃபார்மசி கண்ணாடில ஆள் உயரத்துக்கு உண்ணி படம் ஒட்டி வச்சிருப்பான்.

நீங்க பாத்த உண்ணி மாட்டு உண்ணி, நாய் உண்ணி, கண்ணுக்குத் தெரியும். இங்க கடிக்கறது பெரும்பாலும் குஞ்சு, கசகசா அளவுதான். மரத்துல இருந்து குதிக்கும்னு சொல்றதெல்லாம் கதை, புல்லு நுனில, இடுப்பு ஒசர செடில காலத் தூக்கிட்டு ஒக்காந்திருக்கும், நம்ம உரசிட்டுப் போனா பேன்ட்ல ஒட்டிக்கும். அப்புறம் அவசரமே படாது, ஏறி ஏறி மெத்துனு சூடா ஒரு எடம் தேடும், முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னாடி, பெல்ட் லைன். எச்சில்லயே மரமரப்பு மருந்து இருக்கறதால கடிச்சது தெரியவே தெரியாது. என் பொண்டாட்டிக்கு முழங்காலுக்குப் பின்னாடி இருந்துச்சு, மச்சம்னு நினைச்சு சோப்பு போட்டு தேச்சிருக்கா, போகலன்ன உடனே என்னக் கூப்பிட்டா. போன் டார்ச் அடிச்சு கிட்டப் பாத்தா மச்சத்துக்கு கால் இருக்கு.

எடுக்கறதுக்கு ஃபார்மசில ஏடிஎம் கார்டு சைஸ்ல ஒரு பிளாஸ்டிக் கார்டு விக்கறான், ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும், அத தோலோட ஒட்டி நவுத்தினா உண்ணி அந்த வெட்டுல மாட்டி வந்துடும். நுனி கூரான ட்வீசர் இருந்தாலும் போதும், தலைகிட்ட புடிச்சு நேரா மெதுவா இழுக்கணும். தல சொல்ற வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், சிகரெட் சூடு எல்லாம் வேணாம், உண்ணி திமிறி உள்ள இருக்கறதக் கக்கிடும். அட்டைக்கு உப்பு சரி, உண்ணிக்கு இல்ல.

தாம்பரம்_தல

பத்துக்கு எட்டு பேரா... சரி அது எனக்குத் தெரியாது. ஆனா நம்ம ஊர் உண்ணில ஒண்ணும் இல்லங்கறது என் அனுபவம்.

சஹ்யாத்ரி_சங்கர்

தல அண்ணே, அங்கதான் இடிக்குது. டிபிஇ-யோட ஒண்ணுவிட்ட தம்பி நம்ம பக்கத்து ஸ்டேட்ல இருக்கு. கியாசனூர் ஃபாரஸ்ட் டிசீஸ், ஊர்ல குரங்குக் காய்ச்சல்ம்பாங்க. 1957-ல கர்நாடகா ஷிமோகா மாவட்டத்துல கியாசனூர் காட்டுல குரங்குங்க கொத்து கொத்தா செத்து விழுந்துச்சு, பின்னாடியே விறகு பொறுக்கப் போனவங்களுக்கு ஜுரம். அதே வைரஸ் குடும்பம், அதே மாதிரி சில பேருக்கு ஜுரம் விட்டு மறுபடி வரும், நூத்துக்கு மூணுல இருந்து அஞ்சு பேர் வரைக்கும் சாகறாங்க. சென்னைல இருந்து வீக்கெண்டுக்கு பஸ் ஏறிப் போறோமே கொடசாத்ரி, ஆகும்பே, ரெண்டும் அந்த மாவட்டம்தான். நம்ம ட்ரெக் சீசன் டிசம்பர் ஜனவரி, உண்ணிக் குஞ்சு சீசனும் அதே நேரத்துலதான் ஆரம்பிச்சு மே வரைக்கும் ஓடும். 2012-ல பந்திப்பூர்ல வந்தப்போ நம்ம நீலகிரிப் பக்கம் செத்த குரங்குலயும் வைரஸ் இருந்துச்சு.

இதுக்கும் ஊசி இருந்துச்சு, கர்நாடகா அரசு காட்டோர கிராமங்கள்ல வருஷா வருஷம் போட்டாங்க. ரெண்டு டோஸ், அப்புறம் பூஸ்டர் மேல பூஸ்டர், வலியும் ஜாஸ்தி, ஜனங்க பாதில நின்னுட்டாங்க, பாதுகாப்பும் சரியா இல்லன்னு 2022-ல நிறுத்திட்டாங்க. புது ஊசிக்கு ஐசிஎம்ஆர் வேலை பாத்துட்டு இருக்காங்க. இப்ப அந்தக் காட்டுக்குப் போறவனுக்கு ஹெல்த் டிபார்ட்மென்ட் குடுக்கற டெபா எண்ணெய்தான் கதி, டிஆர்டிஓ கண்டுபிடிச்சது, கால் கைல பூசிக்கணும். ஐரோப்பாக்காரனுக்கு வேலை செய்யற ஊசி இருக்கு, அத வேணாம்ங்கறோம். நமக்கு ஊசியே இல்ல, அதப் பத்தி ட்ரெக் குரூப்ல ஒரு மெசேஜ் கூட பாத்ததில்ல, என்ன ஷூ வாங்கறதுன்னு மட்டும் முந்நூறு மெசேஜ்.

செத்த குரங்கு பாத்தா கிட்ட போயி போட்டோ எடுக்காம ஃபாரஸ்ட்காரங்களுக்குச் சொல்லிட்டு திரும்பி வந்துடுங்க. குரங்கு செத்த உடனே உண்ணியெல்லாம் அதுமேல இருந்து இறங்கி அந்த எடத்துலதான் மேயும்.

பெரம்பூர்_அப்பா

குறுக்க வர்றேன். என் பையன் செப்டம்பர்ல ஜெர்மனி ஃப்ரைபர்க்ல எம்எஸ் சேர்றான். பிளாக் ஃபாரஸ்ட் பக்கத்துலயேன்னு சொல்றாங்க. இவனும் ஊசி போட்டாகணும்னா இங்க போடாம அனுப்பறது தப்பாயிடுமா?

கிராஸ்_கார்த்தி

சார் கவலையே படாதீங்க, உங்க பையன் கேஸ்தான் எல்லாத்தையும் விட ஈஸி. ஃப்ரைபர்க் இருக்கற பாடன்-வுர்ட்டம்பெர்க், பக்கத்து பவேரியா ரெண்டும் ஏறக்குறைய முழுக்க ரிஸ்க் ஏரியா, அதனால அங்க குடியிருக்கறவங்களுக்கு அரசு ஹெல்த் இன்சூரன்ஸ்லயே ஊசி காசு வந்துடும். ஸ்டூடன்ட் இன்சூரன்ஸ் கார்டு கைக்கு வந்ததும் அங்க ஃபேமிலி டாக்டர்கிட்ட எஃப்எஸ்எம்இ ஊசின்னு கேக்கச் சொல்லுங்க, ஜெர்மன்ல இதுக்கு அதான் பேர், டிபிஇ-ன்னா சில பேர் முழிப்பாங்க. குளிர்காலத்துல ஆரம்பிச்சா உண்ணி சுறுசுறுப்பாகற மார்ச் ஏப்ரலுக்குள்ள ரெண்டு டோஸ் முடிஞ்சிருக்கும். செப்டம்பர் அக்டோபர்லயும் உண்ணி இருக்கும், ஆனா வந்த புதுசுல பையன் வீடு தேடற அலைச்சல்லதான் இருப்பான், காட்டுக்கு எங்க போகப் போறான்.

பெரம்பூர்_அப்பா

ரொம்ப நன்றி தம்பி. அவங்கம்மா இப்பத்தான் தூங்குவா.

ஆழ்வார்பேட்டை_ஆனந்தி

எல்லாருக்கும் தேங்க்ஸ், இவ்ளோ தெரிஞ்சுக்கிட்டது நல்லதா கெட்டதான்னு தெரியல, வீட்டுக்காரர் இப்ப டென்ட் கேன்சல் பண்ணிட்டு ஓட்டல் போடலாமாங்கறார். எங்க நிலைமை பெரம்பூர் சார் பையன் மாதிரி இல்லயே, போறது ரெண்டு வாரம், ஆஸ்திரியால இறங்கின அன்னிக்குப் போட்டா வேலை செய்யுமா?

இன்னொரு விஷயம், அக்கா லண்டன்ல இருக்கா, மே நடுவுலயே அங்க போயி ஒரு மாசத்துக்கு மேல தங்கிட்டுத்தான் ஆஸ்திரியா போறோம், யூகே விசாவும் இருக்கு. அங்க போட முடியுமா?

மலையேறி_மணி

இத முதல்லயே சொல்ல வேணாமா மேடம்! லண்டன்தான் ரூட்டு. யூகேல டிகோவாக்னு பேர், ஆஸ்திரியால எஃப்எஸ்எம்இ-இம்யூன்ங்கறதும் அதே மருந்துதான், ஃபைசரோடது. ட்ராவல் கிளினிக்ல காசு குடுத்துப் போடலாம், சும்மா கிடைக்காது. ஒரு டோஸே நம்ம காசுக்கு பல ஆயிரம், ரெண்டு பேருக்கு ரெண்டு டோஸ்னா ட்ரெக் ஷூ விலையெல்லாம் ஒண்ணுமில்லன்னு தோணும். இப்பவே மெயில் போட்டு ஸ்டாக் இருக்கான்னு கேட்டு நாள் வாங்கிடுங்க.

இறங்கின அன்னிக்குப் போடற ஒரு டோஸ் உங்க ட்ரிப்புக்கு உதவாது.

ரிட்டயர்டு_ஸ்டெத்

மணி சொல்றது சரி. கணக்கு இப்படி. சாதாரணமா ரெண்டாவது டோஸ் ஒண்ணுல இருந்து மூணு மாசத்துக்குள்ள, மூணாவது அதுக்கப்புறம் 5-ல இருந்து 12 மாசத்துக்குள்ள. அவசரம்னா ரெண்டாவத 14 நாள்லயே போடலாம். ரெண்டாவது போட்டு ரெண்டு வாரத்துல பாதுகாப்பு நல்லா ஏறிடும், அந்த சீசனுக்கு அது போதும். மே 23 வாக்குல முதல் டோஸ், ஜூன் 6 ரெண்டாவது, ஜூன் 20 தாண்டிட்டா நீங்க ரெடி. என்செபூர்னு இன்னொரு கம்பெனி மருந்து இருக்கு, அதுல 0, 7, 21-வது நாள்னு வேற அட்டவணை, ஆரம்பிச்ச மருந்துலயே முடிக்கப் பாருங்க. மூணாவது டோஸ் மறுபடி அந்தப் பக்கம் போற எண்ணம் இருந்தா பாத்துக்கலாம், போட்டா மூணு வருஷம் கழிச்சு ஒரு பூஸ்டர், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணு. வயசானவங்களுக்கு இடைவெளி கம்மி.

அவசியமான்னு கேட்டீங்க. வியன்னா, சால்ஸ்பர்க் பாத்துட்டு வர்றவங்களுக்கு வேணாம்னுதான் சொல்வேன், காசு தண்டம். உங்க ட்ரிப்ல ரிஸ்க் எதுன்னா மலை உச்சி இல்ல, 1500 மீட்டருக்கு மேல உண்ணி ரொம்பக் கம்மி, குடில்ல நிம்மதியா தூங்குங்க. கீழ பள்ளத்தாக்குல புல்லுல டென்ட் போடறீங்களே, அந்த நாளுங்கதான். அந்த நாளும் இருக்கு, ஊசி போடற வழியும் கைல இருக்குங்கறப்போ நான் உங்க எடத்துல இருந்தா போட்டுக்குவேன். டென்ட்ட கேன்சல் பண்ண வேண்டாம்.

தாம்பரம்_தல

லண்டன்ல அக்கா இல்லாதவன் என்ன பண்றது டாக்டர் சார்? எனக்கும் அடுத்த வருஷம் ஸ்விஸ் பிளான் இருக்கு.

ரிட்டயர்டு_ஸ்டெத்

நீங்களுமா தல. அங்கயும் 2019-ல ஜெனீவா, டிசினோ தவிர நாடு பூராவும் ரிஸ்க் ஏரியான்னு அறிவிச்சாங்க. ஊசி இல்லாம போனா உடுப்புதான் ஊசி. வெளிர் நிறத்துல முழு பேன்ட், சாக்ஸுக்குள்ள சொருகிக்கணும், பாக்க ஸ்கூல் பையன் மாதிரி இருந்தாலும் பரவால்ல, கறுப்புப் பேன்ட்ல உண்ணி தெரியாது. டீட்ங்கற பூச்சி விரட்டி 20 சதவீதத்துக்கு மேல இருக்கற க்ரீமோ ஸ்ப்ரேயோ தோலுக்கு, பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே துணிக்கு, ஷூவுக்கு மட்டும், தோல்ல படக்கூடாது. பாதை நடுவுலயே நடங்க, செல்ஃபிக்காக புல்லுல உருளாதீங்க. ராத்திரி ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகு, தலைமுடி, காதுப் பின்னாடி பாத்துக்கோங்க. ஊசி போட்ட ஆனந்தி மேடமும் இது அத்தனையும் செய்யணும், லைமுக்கு ஊசியே இல்ல. ஒண்ணு இருந்துச்சு, 2002-ல மார்க்கெட்ல இருந்து எடுத்துட்டாங்க. கடிச்ச எடத்துல செகப்பு வட்டம் நாளுக்கு நாள் பெருசாச்சுன்னா அது லைம், மாத்திரைல கேட்கும், தள்ளிப் போடாதீங்க.

சஹ்யாத்ரி_சங்கர்

ஆட்டுப்பால் விஷயம் யாரும் சொல்லலயே. மலைப் பண்ணைகள்ல காய்ச்சாத ஆட்டுப்பால், அதுல செஞ்ச ஃப்ரெஷ் சீஸ் தருவாங்க, அது வழியாவும் டிபிஇ வருது. உண்ணி கடிச்ச ஆட்டோட பால்ல வைரஸ் இறங்கிடுது. காய்ச்சினா போச்சு.

ஆழ்வார்பேட்டை_ஆனந்தி

ஐயோ, நான் அந்த சீஸுக்காகவே ஒரு பண்ணைல லஞ்ச் புக் பண்ணி வச்சிருக்கேன். பாஸ்சுரைஸ் பண்ணினதான்னு கேட்டு மெயில் போடறேன்.

லண்டன் கிளினிக்ல இருந்து பதில் வந்துடுச்சு, மே 23 ரெண்டு பேருக்கும் ஸ்லாட் குடுத்துட்டாங்க. வீட்டுக்காரர் டெங்கு பத்தியும் எழுதியிருந்தேன், அட்மிட் ஆன டிஸ்சார்ஜ் சம்மரி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க.

ரிட்டயர்டு_ஸ்டெத்

நல்லது. அந்த சம்மரிய திரும்பி வந்த பிறகும் பத்திரமா வச்சுக்கோங்க. நீங்க வர்றது ஜூலை நடு. ஜுரம்னு எந்த ஆஸ்பத்திரி போனாலும் டெங்கு, மலேரியா, டைஃபாய்டு, ஸ்க்ரப் டைஃபஸ்னு ஒரு செட்டா எழுதிக் குடுப்பாங்க, அது சரிதான், நம்ம ஊர்ல அதுங்கதான் அதிகம். ஆனா டெங்கு ஆன்டிபாடி டெஸ்ட் இந்தக் குடும்பத்து வேற வைரஸ், வேற ஊசி எதுக்கும் லேசா பாசிட்டிவ் காட்டும், ஏற்கெனவே டெங்கு வந்தவருக்குக் கேக்கவே வேணாம். அதனால திரும்பி வந்து ஒரு மாசத்துக்குள்ள ஜுரம்னா, நாங்க ஆஸ்திரியா காட்டுல டென்ட்ல இருந்தோம், உண்ணி கடிச்சுது இல்ல கடிக்கல, இந்த ஊசி இந்தத் தேதில போட்டோம்னு நீங்களே முந்திக்கிட்டு சொல்லிடுங்க. டாக்டர் கேப்பார்னு காத்திருக்காதீங்க.

தாம்பரம்_தல

கார்த்தி தம்பி, அந்த வெட்டு போட்ட கார்டு எவ்ளோ? அடுத்த தடவ மெட்ராஸ் வர்றப்ப ரெண்டு எடுத்துட்டு வாயேன், எங்க வீட்டு நாய்க்கும் ஆவும்.

கிராஸ்_கார்த்தி

சில யூரோதான் அண்ணே, பொங்கலுக்கு வர்றேன், எடுத்துட்டு வர்றேன். நாய்க்கு வேற சைஸ், கொக்கி மாதிரி இருக்கும், அதையும் சேத்து வாங்கிடறேன்.